மனத்தை வாசிப்பவர் காகிதத்தை எப்போது வாசிப்பது?

அபூர்வ சக்தியைக் காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக வெள்ளவத்தை பாமன்கடையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் சவால் விட்டிருந்தார். மூடி முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் நாணயத்தாளின் இலக்கத்தைச் சொல்வதும் அந்தச் சவாலில் அடக்கம். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை எவரும் வெல்லவில்லை. மாளிகாவத்தைத் தொடர்மாடியில் பெருநாள் இரவொன்றில் சொந்தக்காரர் முன்னால், மறைத்த காகிதத்தில் இருப்பதைச் சொல்லும் இதுபோன்ற வித்தையைக் காட்ட நினைப்பவர் கவனிக்கவேண்டியது அந்த முத்திரையைத்தான். உறையை ஒட்டிவிட்டால் வித்தைக்கு வழியே இல்லை. அப்படியானால் வித்தை முழுவதும் காகிதம் நம் கையில் படும் சில விநாடிகளில்தான் நடக்கிறது. அந்த விநாடிகளைப் பார்த்தவர் மறந்துபோனால் நம்புவார், நினைவில் வைத்திருந்தால் நம்பமாட்டார். நெற்றியைப் பிடித்துக் கண்ணை மூடுவதெல்லாம் வீண் நடிப்பு.

செய்முறை பழையதுதான். சதுரக் காகிதத் துண்டின் நடுவில் சிறிய வட்டம் போட்டு, அதற்குள் ஒரு பெயரை எழுதும்படி ஒருவரிடம் சொல்லுங்கள். தமிழோ சிங்களமோ, உங்களுக்கு வாசிக்கத் தெரிந்த மொழியில் எழுதட்டும். அவரே இரண்டு முறை மடித்துத் தரவேண்டும். மடிப்புகள் சந்திக்கும் மூலையைப் பெருவிரலுக்கடியில் பிடித்துக்கொண்டு கிழித்தால் வட்டம் உங்களிடம் தங்கும், மிச்சம் தட்டில் விழும். கிழிக்கப் பழகுவது ஒரு மாலை வேலை. பலரும் சறுக்குவது அடுத்த இடத்தில். கிழித்த கையோடு பார்க்கிறார்கள், பார்த்த கையோடு சொல்கிறார்கள். அப்போது கிழித்ததும் சொன்னதும் அடுத்தடுத்து நிற்பதால் சின்னப் பிள்ளைகூட இரண்டையும் முடிச்சுப்போட்டுவிடும். தட்டிலுள்ளதை அவர் கையாலேயே கொளுத்தச் சொல்லுங்கள். எல்லோரும் நெருப்பைப் பார்க்கும்போது, குறிப்புப் புத்தகத்தை எடுத்து அதன் மறைவில் துண்டை விரித்துப் பாருங்கள். பார்த்ததும் சொல்லவேண்டாம். அந்தப் பெயருக்குரியவரை எப்போது கடைசியாகச் சந்தித்தார் என்று கேட்டுக் கதையை வளருங்கள். இந்த இடைவெளி இரண்டு நிமிடத்துக்குக் குறையவே கூடாது.

பெயரை ஒரே மூச்சில் சொல்வதும் பிழை. முழுதாகச் சரியாக வந்தால் ‘எங்கேயோ பார்த்துவிட்டான்’ என்றுதான் நினைப்பார்கள். ஓர் எழுத்தில் தயங்கி, ஒன்றைத் தவறாகச் சொல்லித் திருத்துங்கள். தவறினால் மதிப்புக் குறையாதா என்று கேட்கலாம். இரண்டு தவறு விட்டால் குறையும், ஒன்று விட்டால் கூடும். காகிதத்தைப் பார்த்தவன் தடுமாற மாட்டான் என்று சபையே உங்களுக்காக வாதாடும். நடுவில் பெயரை எழுதியவரைப்பற்றிப் பொதுவாக இரண்டு வாக்கியம் சேருங்கள்; பொதுவானதையும் தமக்கே உரியதாக எடுத்துக்கொள்வார். 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் ஒரே குணவிவரத்தைத் தம் மாணவர் எல்லோருக்கும் தனித்தனியாகக் கொடுத்தார். தங்களுக்குப் பொருந்துவதாக அவர்கள் 5க்குச் சராசரி 4.26 புள்ளி போட்டார்கள். பெருமளவில் அது சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது.

அப்படியானால் இது ஏமாற்றுத்தானே என்பவருக்குப் பதில் உண்டு. விளையாட்டு என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அது ஏமாற்றாகாது, வித்தையின் சுவையும் குறையாது. அப்படிச் சொன்னாலும் பார்த்தவர்களில் சிலர் முடிந்தபின் தனியாக வந்து கலியாணம் எப்போது, நோய் மாறுமா என்று விசாரிப்பார்கள். அதற்கு மட்டும் வாய் திறக்காதீர்கள்.