எலும்புக்குள் இருக்கும் கொழுப்பு



சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு தாய், இரத்தப் புற்றுநோய் கண்ட தன் மகனுக்கு எண்ணெய், நெய், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். "எலும்புக்குள்ள இருக்கிற கொழுப்புதான் இந்த வியாதிக்குத் தீனியாமே, ஐயா?" என்று என்னிடம் கேட்டார். யாரோ சொன்னதாம். சொன்னவர் பாதிதான் சொல்லியிருக்கிறார்.

எலும்பு மஜ்ஜையை நம் வேதாகமத் தமிழ் 'ஊன்' என்கிறது. பிறந்த குழந்தைக்கு அது ஏறத்தாழ முழுவதும் சிவப்பு. இரத்த அணுக்கள் உற்பத்தியாகும் இடம். வயது ஏற ஏற, கை கால் எலும்புகளில் கொழுப்பு அணுக்கள் நிறைந்து மஞ்சளாகிறது. நெடுங்காலம் இந்தக் கொழுப்பை வெறும் இடம் அடைக்கும் பொருளாகவே மருத்துவர்கள் எண்ணினார்கள்.

இப்போது தெரிவது வேறு. மைலாய்டு வகைப் புற்றணுக்கள் பக்கத்திலுள்ள கொழுப்பு அணுவைத் தூண்டி, கொழுப்பு அமிலத்தை வெளியே வரச்செய்து, அதை எரித்துப் பெருகுகின்றன. தீக்குச்சியை மருந்தில் முக்குமுன் மெழுகில் முக்குகிறோமே, எதற்கு? மருந்து நொடியில் எரிந்துவிடும். தீயைக் குச்சிக்குக் கடத்துவது மெழுகு. அந்தத் தாய்க்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பிள்ளைகளுக்கு அதிகமாக வருவது லிம்போபிளாஸ்டிக் வகை. இதிலும், கொழுப்பு அணுக்கள் டானோரூபிசின் மருந்தை உள்ளிழுத்துச் சிதைத்துப் புற்றணுக்களுக்கு மறைவிடமாவதை ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள்.

மறுபாதியையும் கேளுங்கள். கனடா நாட்டு மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, மைலாய்டு நோய் மஜ்ஜைக் கொழுப்பு அணுக்களைக் குறைத்துவிடுகிறது. அதனால் நல்ல சிவப்பணு உற்பத்தியும் குன்றுகிறது. எலிகளில் அந்தக் கொழுப்பணுக்களை மருந்தால் பெருக்கியபோது சிவப்பணு உற்பத்தி மீண்டது, நோயும் தணிந்தது. ஆகவே கொழுப்பைச் சத்துரு என்று ஒரேயடியாகத் தள்ள முடியாது.

அந்தத் தாய்க்கு நான் முக்கியமாகச் சொன்னது இது. பட்டினி கிடந்தால் வயிற்றுக் கொழுப்பு கரையும். மஜ்ஜைக் கொழுப்போ கூடும்! சாப்பாட்டை வெறுத்து எலும்பும் தோலுமாகிப்போனவர்களிடம் இதைக் கண்டிருக்கிறார்கள். அதிகப் பருமனும் ஆகாதுதான். பருமனான பிள்ளைகளுக்கு, அதிலும் பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு, நோய் திரும்பும் அபாயம் கூடுதல். ஆனால் இவனோ சட்டைக்குள் தொலைந்துபோகிற பிள்ளை. மருந்தைத் தாங்க உடம்பில் தெம்பு வேண்டாமா?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடக்கிறது. எல்லாருக்கும் அது தேவைப்படுவதில்லை. பிள்ளைகளில் பெரும்பாலோர் மருந்திலேயே குணமாகிறார்கள். இவனுக்கும் இப்போதைக்கு மருந்துதான். உணவைப்பற்றி டாக்டரம்மாவிடமே கேட்கும்படி அனுப்பினேன்.

மறுவாரம் வார்டுக்குப் போனபோது தூக்குச்சட்டியில் அவித்த முட்டை இரண்டு இருந்தன. ஒன்றை எனக்கு நீட்டினான்.