முடிவில்லாத் திரையும் நம் இளையோரும்

இன்றைய இளையோருக்கு விவேகக் கைப்பேசி ஆறாவது விரலாகிவிட்டது என்றால் அது மிகையாகாது. பெண்டாங் வட்டாரத் தோட்டங்களிலும் இதே நிலைதான். மாலையில் பந்து விளையாட வேண்டிய பையன்கள் திடலோரம் ஆளுக்கொரு மூலையில் அமர்ந்து திரையைத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடே இல்லை" என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். ஆனால், அந்தக் கட்டுப்பாட்டைக் குலைக்கும் விதத்தில்தான் அத்திரை வடிவமைக்கப்பட்டுள்ளது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

முன்பெல்லாம் இணையப் பக்கத்தின் அடியை எட்டியதும் அடுத்த பக்கத்திற்குச் செல்ல ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அந்தச் சிறு இடைவெளியில் 'போதும்' என்று எழுந்துவிடலாம். 2006-இல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் அடியே இல்லாமல் ஓடும் பக்கத்தை உருவாக்கினார். பின்னாளில் அவரே அதற்காக வருந்தினார். இதனுடன் சூதாட்ட இயந்திரத்தின் தந்திரமும் சேர்ந்துகொண்டது. அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னரின் சோதனைகளில், எப்போது தீனி விழும் என்று தெரியாத புறாதான் விடாமல் கொத்திக்கொண்டே இருந்தது. அடுத்த காணொலி சிரிக்க வைக்குமா, சலிப்பூட்டுமா என்று தெரியாததால்தான் நம் கட்டைவிரலும் ஓய்வதில்லை.

தூக்கம் கெடும், கண் எரியும், தேர்வில் புள்ளி குறையும். இவை நாம் அறிந்தவையே. அதிகம் பேசப்படாத கேடு ஒன்று உண்டு. பார்வையாளரை நெடுநேரம் பிடித்து வைப்பதே இலாபம் என்றான இடத்தில் ஏச்சும் பேச்சும் விற்பனைப் பொருளாகிவிடுகின்றன. நம் நாட்டு டிக்டாக் நேரலைகளில் பிறர் குடும்பத்தையும் இழுத்து வைத்துத் தமிழில் திட்டிக்கொள்ளும் சண்டைகளுக்குக் கூட்டம் கூடுகிறது. நள்ளிரவில் படுத்துக்கொண்டு பார்ப்பவர் "நான் சும்மாதானே பார்க்கிறேன்" என்கிறார். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று திரையில் தெரியும் அந்த எண்ணில் அவரும் ஒருவர்.

இதன் கொடுமையை 2024-இல் கண்டோம். ஈஷா என்று அறியப்பட்ட டிக்டாக் பிரபலம் ராஜேஸ்வரி அப்பாஹு, இணையப் பகடிவதைக்கு ஆளாகி, காவல் துறையில் புகார் செய்த மறுநாள், ஜூலை 5-ஆம் தேதி, கோலாலம்பூரில் உயிரிழந்தார். அவ்விவகாரத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரு பெண்ணுக்குக் கிடைத்த தண்டனை 100 ரிங்கிட் அபராதம். 1955-ஆம் ஆண்டின் சிறு குற்றச் சட்டத்தில் அதற்குமேல் இடமில்லையாம்! மக்கள் கொதித்தெழுந்தனர். தண்டனைச் சட்டத்தொகுப்பு திருத்தப்பட்டு, இணையப் பகடிவதைக்கான புதிய பிரிவுகள் 2025 ஜூலை 11-இல் நடப்புக்கு வந்தன.

திட்டியவரைச் சட்டம் பிடிக்கும். விடிய விடியப் பார்த்துக்கொண்டிருந்தவரை எந்தச் சட்டமும் பிடிக்காது. 16 வயதுக்குட்பட்டோருக்குச் சமூக ஊடகக் கணக்கைத் தடுக்கும் முடிவை நம் அரசாங்கம் 2025 நவம்பரில் அறிவித்தது. பல்கலைக்கழக மாணவர்களாகிய நமக்கு அந்த வேலியும் இல்லை. தேவையற்ற அறிவிப்பு ஒலிகளை அடைத்து வைக்கலாம். உறங்கப் போகும்முன் கைப்பேசியைக் கட்டிலுக்கு எட்டாத தூரத்தில் மின்னூட்டம் செய்யலாம். காலையில் எழுப்ப வேண்டுமே என்பவர்களுக்குப் பத்துப் பதினைந்து ரிங்கிட்டில் அலாரக் கடிகாரம் கிடைக்கிறது.