இங்கிலீஷுக்கு மாறிவிடாதே, தங்கச்சி!

தங்கச்சி, நெதர்லாந்தின் ஐந்தோவனில் வந்து இறங்கியதுமே "இந்த ஊருக்கு இங்கிலீஷே போதும்" என்று உனக்குப் பலர் சொல்லியிருப்பார்கள். ஆபீஸுக்கும் பேங்குக்கும் போதும்தான். உன் வீட்டுக்காரர் உயர்திறன் பணியாளர் விசாவில் வந்திருப்பதால் உனக்கு டச்சுத் தேர்வு கட்டாயமும் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலியோரம் நின்று பேசுவதும், பள்ளி வாசலில் அம்மாக்கள் கூடிச் சிரிப்பதும் டச்சில்தான். அந்தப் பேச்சில் உனக்கும் ஓர் இடம் வேண்டும். அதற்குத்தான் இத்தனையும் சொல்கிறேன்.

இலக்கணத்தை விட உன்னைத் தடுக்கப்போவது அவர்களுடைய உபசாரம். நீ லேசாகத் தடுமாறினாலே, உனக்கு உதவுவதாக நினைத்து இங்கிலீஷுக்கு மாறிவிடுவார்கள். நீயும் கூடவே மாறினால் பத்து வருஷம் ஆனாலும் டச்சு வராது. "இக் லேர் நேடர்லன்ட்ஸ்", அதாவது நான் டச்சு படிக்கிறேன் என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு டச்சிலேயே தொடரு. வேகம் தாங்கவில்லையா? "லாங்ஸாமர், அல்ஸ்டூப்லீஃப்ட்" என்றால் மெதுவாகப் பேசுவார்கள். இந்த இரண்டும் முதல் வாரமே நாக்கில் இருக்கட்டும்.

வாரச் சந்தைக்குக் கட்டாயம் போ. அங்கே 'பொன்ட்' என்றால் அரை கிலோ, 'ஓன்ஸ்' என்றால் 100 கிராம். சீஸ் கடையில் இரண்டு ஓன்ஸ் என்று கேட்டுப் பாரு, கடைக்காரர் டச்சிலேயே பதில் சொல்வார். விலை சொல்லும்போது மட்டும் காதைத் தீட்டிக்கொள். 45 என்பதை 'ஐந்தும் நாற்பதும்' என்ற வரிசையில்தான் சொல்வார்கள். மணி இன்னும் மோசம். 'ஹால்ஃப் ட்ரீ' என்று கேட்டால் நமக்கு மூன்றரை என்றே படும். அவர்களுக்கு அது 2:30. டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டில் இதைத் தவறவிடாதே.

தமிழ் பேசுகிற நமக்கு ஒரு வசதியும் உண்டு. 'ஓம்டாட்' என்று காரணம் சொல்லத் தொடங்கினால் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். இங்கிலீஷ்காரர்கள் திணறுகிற இடம் அது, நமக்குப் பழகிய வழி. வயதானவர்களிடம் 'யூ' என்று மரியாதையாகப் பேசு, நம் 'நீங்க' மாதிரிதான். 'யே' என்றே சொல்லேன் என்று அவர்களே சொன்னால் தயங்காமல் மாறிக்கொள். பெயர்ச்சொற்களை 'ட', 'ஹெட்' என்ற முன்சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் பண்ணு. தனித்தனியாகப் படித்தால் பிறகு ஒட்டாது.

யாரோடு பேசிப் பழகுவது என்று கேட்பாய். பல ஊர்களில் நூலகங்களிலேயே 'டால்கஃபே' நடக்கிறது. தன்னார்வலர்கள் காபியோடு உட்கார்ந்து பேசுவார்கள், அவர்களில் பலர் ஓய்வு பெற்றவர்கள். நிதானமாகப் பேசவும் திருத்தவும் அவர்களுக்கு நேரம் இருக்கிறது. குழந்தையையும் கூட்டிப் போ. 18 வயது வரை நூலக உறுப்பினர் கட்டணம் கிடையாது. ஆனி எம். ஜி. ஷ்மிட் எழுதிய 'யிப் என் யானக' கதைகளை எடுத்துவந்து குழந்தைக்கு உரக்கப் படித்துக் காட்டு. வாக்கியங்கள் குட்டிக் குட்டியாக இருக்கும். சாயங்காலம் குழந்தைகளுக்கான செய்தி, 'யேக்ட்ஜூர்னால்', 1981 முதல் வருகிறது. பெரியவர்கள் செய்தியை விட நீ அதையே பாரு, டச்சு சப்டைட்டிலோடு.

ஒரு பிறந்தநாளுக்குக் கூப்பிட்டால் வேறு வேலையைத் தள்ளிவைத்துவிட்டாவது போய் வா. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பிறந்தநாள்காரருக்கு மட்டும் வாழ்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடாதே. அவருடைய அம்மா, கணவர், அண்ணன் எல்லாருக்கும் கை கொடுத்து "ஹெஃபேலிஸிடேர்ட்" சொல்ல வேண்டும். பெற்றவளையும் கூடப் பிறந்தவனையும் சேர்த்து வாழ்த்துகிற இந்த வழக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த ஒரு சுற்றிலேயே பத்துப் பேரிடம் நீ டச்சு பேசியிருப்பாய்.

பிறகு நீயும் கூப்பிடு. "ஒரு நாள் வாங்க" என்று நம் ஊர்ப் பாணியில் சொன்னால் வர மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் காபிக்கு வாங்க என்று நாளும் நேரமும் சொல்லு. டைரியில் குறித்துக்கொண்டு சரியாகப் பத்துக்கு பெல் அடிப்பார்கள்.