கதவு திறந்தால் போதாது, பெட்டி வந்திருக்க வேண்டும்



அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வசிக்கும் நம் குடும்பங்களுக்கு லிஃப்ட் இல்லாமல் இன்று நாள் ஓடாது. முழங்கால் வலியுள்ள உம்மாவும் புத்தகப்பை சுமக்கும் பிள்ளையும் அதை நம்பித்தான் ஏறி இறங்குகிறார்கள். லிஃப்ட் என்றதும் பலருக்கு வரும் பயம், கயிறு அறுந்து விழுந்துவிடுமோ என்பதுதான். அந்தப் பயத்துக்கு 1854ஆம் ஆண்டிலேயே விடை கிடைத்துவிட்டது. நியூயார்க் கண்காட்சியில் எலிஷா ஓட்டிஸ் என்பவர், தாம் நின்ற மேடையின் கயிற்றை எல்லோர் முன்னிலையிலும் வெட்டச் செய்து, மேடை விழாமல் நிற்பதைக் காட்டினார். இன்றும் பெட்டி கட்டுமீறி இறங்கினால் அதைப் பற்றி நிறுத்தும் அமைப்பு லிஃப்டில் உண்டு. நாம் தினமும் கவனிக்க வேண்டியது கயிற்றை அல்ல, கதவை.

இரண்டு கதவுகள்

பெட்டியோடு சேர்ந்து ஏறி இறங்குவது உள்கதவு. ஒவ்வொரு மாடியிலும் நிலையாக இருப்பது வெளிக்கதவு. பெட்டி அங்கே இல்லாதபோது வெளிக்கதவுக்கு அப்பால் இருப்பது வெறும் குழிதான். ஆகவே அதைச் சுவர் என்றே நினைக்க வேண்டும். பெட்டி வந்து நிற்கும் சில நொடிகள் மட்டும் வழிவிடும் சுவர்.

தானியங்கி லிஃப்டில் பொதுவாகக் கதவுக்கான மோட்டார் பெட்டியில்தான் இருக்கும். பெட்டி மாடிக்கு நேராக வந்ததும், உள்கதவிலுள்ள ஒரு பிடி வெளிக்கதவின் பூட்டை விடுவித்து, அதையும் சேர்த்து இழுத்துத் திறக்கும். பெட்டி வராவிட்டால் பூட்டு விடாது.

அந்தப் பூட்டுக்கு இரண்டு வேலைகள். கொக்கி கதவைப் பிடித்துக்கொள்ளும். அதோடு இருக்கும் மின்தொடர்பு, கொக்கி சரியாக விழுந்ததா என்று காட்டும். எல்லா மாடிகளின் தொடர்புகளும் ஒரே வரிசையில் கோக்கப்பட்டிருப்பதால், பத்து மாடிகளில் ஒரு கதவு பூட்டாவிட்டாலும் லிஃப்ட் நகராது. கதவு சரியில்லை என்று லிஃப்ட் அடிக்கடி நிற்பது நமக்குத் தொல்லையாகத் தெரியும். உண்மையில் அது நம்மைக் காக்கிறது.

எங்கே தவறுகிறோம்?

"எப்படியாவது ஓட வை" என்று நாம் அவசரப்படுத்த, அந்த மின்தொடர்பை ஒரு ஒயரால் இணைத்துவிட்டுப் போவதும் உண்டு. லிஃப்ட் ஓடும், ஆனால் காவல் போய்விடும். கதவு திறந்திருக்கும்போதே பெட்டி நகரலாம். இப்படி ஓட்டுவதைவிட, சரிசெய்யும்வரை லிஃப்டை நிறுத்திவைத்துப் படியேறுவதே நல்லது.

கையால் இழுத்துத் திறக்கும் பழைய லிஃப்டுகளில் இன்னும் கவனம் தேவை. பூட்டு தேய்ந்துவிட்டால், பெட்டி இல்லாதபோதும் கதவு திறந்துகொள்ளும். அதிகாலைத் தொழுகைக்குக் கிளம்பும் பெரியவர், மாடியில் விளக்கும் எரியாத நிலையில், பழக்கத்தில் கதவை இழுத்துக் காலை வைத்தால் என்ன ஆகும்? ஆகவே லிஃப்ட் வாசலில் விளக்கு எரிவதும் பாதுகாப்பின் ஒரு பகுதியே.

இத்தகைய சில லிஃப்டுகளில் இரு கதவுகளுக்கும் நடுவே ஒரு சிறு பிள்ளை நிற்குமளவு இடைவெளி இருக்கும். பிள்ளை நடுவில் நிற்க இரண்டு கதவும் மூடிவிட்டால், வேறு மாடியில் யாரோ பொத்தானை அழுத்தியதும் பெட்டி கிளம்பிவிடும். அப்படி இடைவெளி இருந்தால் பராமரிப்பு நிறுவனத்திடம் சொல்லி அதைக் குறைக்க வேண்டும்.

வீட்டில் சொல்லிக்கொடுக்க வேண்டியவை

• கதவு திறந்ததும் காலை வைக்காதீர்கள். பெட்டி நிற்கிறதா, தரை சமமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே கால்.

• சிறுபிள்ளைகளைத் தனியே அனுப்ப வேண்டாம். ஏறும்போதும் இறங்கும்போதும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

• புர்கா, துப்பட்டா, சேலைத் தலைப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். மூடும் கதவைக் கையாலோ காலாலோ தடுக்க வேண்டாம்.

• சாமான் ஏற்றுவதற்காகக் கல்லோ கட்டையோ வைத்துக் கதவை நிறுத்தாதீர்கள்.

• இரு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிட்டால் கதவை நெம்பிக் குதிக்க முயலாதீர்கள். பெட்டிக்கு அடியில் குழி திறந்திருக்கும். கால் வழுக்கினால் அதில்தான் விழ நேரும். அலாரத்தை அழுத்திவிட்டு உள்ளேயே காத்திருங்கள். பெட்டிக்குள் காற்று வர வழி உண்டு.

• வெளிக்கதவைத் திறக்கும் முக்கோணச் சாவி, பயிற்சி பெற்றவர் கையில் மட்டுமே இருக்க வேண்டும்.

குடியிருப்போர் சங்கத்தின் கடமை

தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி லிஃப்ட் இயக்க உரிமம் தேவை. அரசின் மின் ஆய்வுத் துறை அதை வழங்குகிறது. உங்கள் கட்டடத்தின் உரிமம் நடப்பில் உள்ளதா என்று கேளுங்கள். அடுத்த முறை மெக்கானிக் வரும்போது, சங்கத்தார் ஒருவர் உடனிருந்து ஒவ்வொரு மாடியிலும் இரண்டைக் காட்டச் சொல்லுங்கள்: பெட்டி இல்லாதபோது வெளிக்கதவு திறக்கக் கூடாது, வெளிக்கதவு பூட்டாதபோது பெட்டி நகரக் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் அன்றே லிஃப்டை நிறுத்திவிடுங்கள்.

சில நாட்கள் படியேறும் சிரமத்தை நாம் பொறுத்துக்கொள்ளலாம். ஓர் உயிர் போனால் அதை யாராலும் திருப்பித் தர முடியாது.