சனசமூக நிலையங்களும் எமது கிராம வாழ்வும்

கோயில், குளம், பள்ளிக்கூடம் என்பவற்றைப் போலவே யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிராமங்களிலே பரவலாகக் காணப்படும் மற்றொரு பொது இடம் சனசமூக நிலையமாகும். ஒரு சிறு மண்டபம், நீண்ட மேசை, இரண்டு மூன்று வாங்குகள், அன்றைய பத்திரிகைகள், பக்கத்திலே ஒரு கரப்பந்தாட்டத் திடல். இவ்வளவே அதன் தோற்றம். அதனை நடத்துவோர் எவரும் சம்பளம் பெறுவதில்லை. காலையிலே கதவைத் திறப்பவரும், கணக்கு எழுதுபவரும், முற்றம் கூட்டுபவரும் தொண்டர்களே. இத்தகைய ஓர் அமைப்பு எவ்வாறு தோன்றியது, எதனால் நிலைத்தது, இன்று பல இடங்களில் ஏன் தளர்ந்துள்ளது என்பவற்றை எமது இளந்தலைமுறையினர் அறிந்திருத்தல் நன்று எனக் கருதி இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

வாசிகசாலையே வித்து

சனசமூக நிலையத்தின் தாய் வாசிகசாலை ஆகும். 1924ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் தோன்றியது. பின்னர் இளைஞர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்ற இவ்வமைப்பின் அழைப்பை ஏற்று 1927இல் மகாத்மா காந்தி யாழ்ப்பாணம் வந்தார். சமூகத்தொண்டு, தீண்டாமை ஒழிப்பு, தாய்மொழிப் பற்று ஆகிய எண்ணங்கள் படித்த இளைஞரிடையே பரவிய காலம் அது. 1931இல் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. 1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனும் வெளிவரத் தொடங்கின. வாக்குரிமை பெற்ற மக்களுக்கு நாட்டு நடப்பை அறியும் ஆவல் இருந்தது. ஆயினும் நாள்தோறும் பத்திரிகை வாங்கும் வசதி சாதாரண குடும்பங்களுக்கு இருக்கவில்லை. ஒரு பத்திரிகையை ஊர் முழுவதும் பகிர்ந்துகொள்ளும் இடமாக வாசிகசாலை அமைந்தது. எழுத்தறியாதோர் சுற்றியிருக்க, ஒருவர் உரத்து வாசிப்பார். வாசித்து முடிந்தபின் நடைபெறும் விவாதமே பலருக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

தொண்டர் முயற்சி எவ்வளவு தூரம் வளரக்கூடும் என்பதற்கு யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வரலாறே சிறந்த சான்றாகும். நீதிமன்றத்தில் பணியாற்றிய கே. எம். செல்லப்பா என்னும் அன்பர் 1933இல் தமது வீட்டிலே நூல்களைச் சேர்த்து ஊரவருக்கு வாசிக்கக் கொடுத்தார். பின்னர் பெரியோர் பலர் ஒன்றுகூடிக் குழு அமைத்தனர். 1934 ஆகஸ்ட் 1ஆம் திகதி ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு எடுத்த ஓர் அறையில் 844 நூல்களுடனும் ஏறக்குறைய 30 பத்திரிகைகள், சஞ்சிகைகளுடனும் நூலகம் திறக்கப்பட்டது. 1935 தொடக்கத்தில் அது நகர சபையிடம் ஒப்படைக்கப்பட்டது. 1959இல் அழகிய புதிய கட்டடம் எழுந்தது. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவிலே அது எரியூட்டப்பட்டபோது அங்கிருந்த நூல்கள் ஏறத்தாழ 97,000 எனக் கூறப்படுகிறது. ஓர் உத்தியோகத்தரின் வீட்டு அலுமாரியில் தொடங்கிய முயற்சி அரை நூற்றாண்டுக்குள் அந்த அளவுக்கு வளர்ந்திருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

நிலையம் உருவாகிய விதம்

நகரத்து நூலகம் சபையின் கைக்குச் சென்றது. கிராமத்து வாசிகசாலைகளோ தொண்டர் கையிலேயே தங்கின. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்ததும் கிராமங்களிலே வாசிக்கத் தெரிந்தோர் தொகை பெருகியது. சுதந்திரத்தை அண்டிய ஆண்டுகளிலும் அதன் பின்னரும் அரசாங்கம் கிராம முன்னேற்ற வேலைகளிலே கவனஞ் செலுத்தியது. வாசிகசாலையுடன் விளையாட்டு, மாலை வகுப்பு, நாடகம், சிரமதானம் முதலியனவும் சேர்ந்துகொள்ள, சனசமூக நிலையம் என்ற பெயர் நிலைபெற்றது. தொடக்கத்தில் கிடுகுக் கொட்டிலாக இருந்தவை பல. காணியை ஒருவர் நன்கொடையாகக் கொடுப்பார். பனைமரம் ஒருவர் தருவார். மேசன் வேலையை ஒருவர் பொறுப்பேற்பார். ஏனையோர் கல்லும் மண்ணும் சுமப்பர். எமது ஆலயத் திருப்பணிகள் நடைபெறும் முறையும் இதுவே அன்றோ!

நிலையத்துக்கு எழுதப்பட்ட யாப்பு உண்டு. அங்கத்தவர் அனைவரும் அடங்கியது பொதுச்சபை. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாக சபை உறுப்பினர்கள், கணக்காய்வாளர் ஆகியோர் தெரிவு செய்யப்படுவர். உள்ளூராட்சி மன்றத்தில் நிலையம் பதிவு செய்யப்படும். கிராம சபைகள் 1981இல் நீக்கப்பட்டன. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிரதேச சபைகள் ஏற்பட்டபின் அத்தொடர்பு அவற்றுடன் தொடர்கிறது. மன்றம் பத்திரிகைச் செலவுக்கும் சிறு வேலைகளுக்கும் உதவுவதுண்டு. எனினும் நிலையத்தின் உயிர் அந்த உதவியில் இல்லை. அங்கத்தவரின் சந்தாவிலும் உழைப்பிலுமே அது தங்கியுள்ளது.

இதனைச் சிறு விடயமாக எண்ணக்கூடாது. கூட்டம் கூட்டுவது எப்படி, பிரேரணை கொண்டுவருவது எப்படி, மாற்றுக் கருத்துடையவரைப் பொறுமையுடன் கேட்பது எப்படி, பொதுப்பணத்துக்குப் பற்றுச்சீட்டு எழுதுவது எப்படி என்பவற்றை எமது ஊர்களில் பலர் முதன்முதலாகக் கற்றுக்கொண்ட இடம் இதுவே. அரச அலுவலகத்தில் நியமனம் பெறுமுன்னரே கூட்டறிக்கை எழுதப் பழகியிருந்த இளைஞர் பலர்.

ஒரே வாங்கில் இருந்தமை

மற்றொரு உண்மையையும் இங்கு கூறுதல் கடமையாகும். கோயில் வாசலிலும் தேநீர்க் கடையிலும் சாதி வேற்றுமை பாராட்டப்பட்ட காலம் ஒன்று இருந்தது. பொது இடங்களில் ஒருவரைச் சாதி காரணமாகத் தடுப்பது குற்றம் என 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தவுடன் மனம் மாறிவிடவில்லை. ஒரே வாங்கில் இருந்து ஒரே பத்திரிகையின் இருவேறு தாள்களை வாசிப்பதும், ஒரே அணியில் நின்று பந்து அடிப்பதும் சட்டத்தினால் இயலாததைச் சிறிது சிறிதாகச் செய்தன. எல்லா நிலையங்களும் இதில் முன்மாதிரியாக விளங்கின என்று நான் கூறமாட்டேன். ஒரே ஊரிலே குறிச்சிக்கு ஒன்றாக நிலையங்கள் எழுந்தமைக்கு இவ்வேற்றுமையும் ஒரு காரணமாயிற்று. கதவு யாருக்குத் திறக்கிறது, யாருக்கு மூடுகிறது என்பதே ஒரு பொது இடத்தின் தரத்தைக் காட்டும் அளவுகோல். இது ஆலயத்துக்கும் பொருந்தும்.

போர்க்காலத்தில்

1990களில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தனர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். அச்சுத்தாள் தட்டுப்பாட்டினால் பத்திரிகைகள் கோடிட்ட கொப்பித் தாளிலும் நிறத்தாளிலும் வெளிவந்தன. அந்த ஒற்றைத் தாளை வாசிப்பதற்கும் நிலையத்தில் வரிசை இருந்தது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாம மக்கள் இடம்பெயர்ந்தபோது தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் பள்ளிக்கூடங்களும் கோயில் மண்டபங்களும் சனசமூக நிலையங்களும் தங்குமிடங்களாயின. 1996இல் ஊர் திரும்பியவர்கள் கூரையற்ற சுவர்களையே கண்ட இடங்கள் பல. நூல்கள், தளபாடங்கள், பழைய கூட்டறிக்கைப் புத்தகங்கள் யாவும் அழிந்தன. கட்டடத்தை மீண்டும் கட்டலாம். அரை நூற்றாண்டுக் கூட்டறிக்கைகளை மீண்டும் எழுத முடியுமா? பல ஊர்களின் வரலாறு அவற்றுடன் போயிற்று.

இன்றைய நிலை

போர் முடிந்தபின் புலம்பெயர்ந்த உறவுகளின் உதவியுடன் ஓட்டுக் கூரைகள் நீங்கி மாடிக் கட்டடங்கள் எழுந்துள்ளன. இது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அவற்றுட் சில பெரும்பாலும் பூட்டியே கிடக்கின்றன. செய்தி கைத்தொலைபேசியில் வந்துவிடுகிறது. மாலைவேளை தனியார் வகுப்புக்குப் போய்விடுகிறது. இளைஞர் வெளிநாடு செல்கின்றனர். பத்திரிகைக்காக மட்டும் நிலையம் வேண்டுமாயின் அதன் தேவை முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். ஆனால் நிலையம் பத்திரிகைக்காக மட்டும் தோன்றவில்லை. ஊரவர் ஒருவரையொருவர் காண்பதற்கும், ஒன்றுகூடி ஒரு காரியத்தைச் செய்து முடிப்பதற்கும் தோன்றியது. அந்தத் தேவை இன்று கூடியிருக்கிறதேயன்றிக் குறையவில்லை. தனித்து வாழும் முதியோர் பெருகியுள்ளனர். போதைப்பொருள் ஊர்களுக்குள் நுழைந்துள்ளது. பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடலும், கண்ணில் படும் நல்ல பெரியவர்களும் தேவை.

நாம் செய்யத்தக்கவை

பழைய வரலாற்றிலிருந்து நாம் கற்கத்தக்க பாடங்கள் நான்கு எனலாம்.

முதலாவது, நேரந் தவறாமை. நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் போதும்; ஆனால் நாள்தோறும் அதே நேரத்தில் கதவு திறக்கவேண்டும். ஓய்வுபெற்றோர் முறைவைத்து இதனைச் செய்யலாம்.

இரண்டாவது, கணக்கு. ஐந்து ரூபா வந்தாலும் பற்றுச்சீட்டு, ஐந்து ரூபா செலவானாலும் சிட்டை இருத்தல் வேண்டும். வரவு செலவை ஆண்டுக்கொரு முறை அறிவித்தற் பலகையில் ஒட்டவேண்டும். பணமின்மையால் சங்கங்கள் மெலியும். சந்தேகத்தினாலோ முறிந்தே போகும்.

மூன்றாவது, கைமாற்றம். ஒருவரே இருபது ஆண்டு தலைவராக இருப்பது அவருக்குப் பெருமையாக இருக்கலாம், நிலையத்துக்கு ஆபத்து. நிர்வாக சபையில் இளைஞருக்கும் பெண்களுக்கும் பெயரளவில் அன்றிப் பொறுப்புடன் இடம் அளித்தல் வேண்டும். திறப்பு ஒருவர் கையில் பழுதுபடாமல் பலர் கையில் பழகவேண்டும்.

நான்காவது, பதிவு. கூட்டறிக்கை, பழைய படங்கள், காணி உறுதி என்பவற்றின் பிரதிகளை வேறோர் இடத்திலும் பேணுதல் வேண்டும். 1995 எமக்கு இதனை நன்கு கற்பித்தது.

அன்பார்ந்த அடியார்களே, திருவிழாக் காலத்திலே தேர் இழுப்பதற்கு ஆட்களைத் தேடவேண்டியதில்லை. வடம் தெரிந்தவுடன் கைகள் தாமாகவே நீளும். சனசமூக நிலையமும் ஊர் இழுக்கும் ஒரு தேர்தான். ஆனால் அதனை ஆண்டுக்கு ஒரு நாள் அன்று, நாள்தோறும் சிறிது சிறிதாக இழுக்கவேண்டும். அதற்கு ஆரவாரம் இல்லை, மேளமும் இல்லை. இம்மலரை வாசிக்கும் இளைஞர் ஒவ்வொருவரும் தமது ஊர் நிலையத்துக்கு வாரத்தில் ஒரு மாலைப்பொழுதையேனும் கொடுக்க முன்வருவார்களாயின், எமது முன்னோர் சுமந்த கல்லும் மண்ணும் வீண்போகா. அவ்வெண்ணம் யாவர் உள்ளத்திலும் எழ எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.