வீட்டுக்கு வந்த வகுப்பறை
(ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர்களுக்கு ஒரு வழிகாட்டி)

ஓசூரிலிருந்து பெங்களூர் நோக்கி வரும்போது, எல்லையைத் தாண்டியதும் கர்நாடகத்தில் நம்மை முதலில் வரவேற்கும் ஊர் அத்திபெலே. பெங்களூர் நகர மாவட்டத்தில் ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்தது. அத்திபெலே, பொம்மசந்திரா, ஜிகணி ஆகிய தொழிற்பேட்டைகளை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் இப்பகுதியில் ஏராளம். தகப்பனார் முதல் ஷிப்டு, தாயார் பகல் வேலை, பிள்ளைகள் அருகிலுள்ள கன்னடப் பள்ளியிலோ ஆங்கிலப் பள்ளியிலோ என்று வாழ்க்கை ஓடுகிறது. இவ்வீடுகளில் பலவற்றில் பெற்றோருக்கு வாசிக்கத் தெரிந்த எழுத்து தமிழ் மட்டுமே.

பள்ளிக்கூடம் திறந்திருக்கும் வரை இது பெரிய குறையாகத் தெரியவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவினால் பள்ளிகள் மூடப்பட்டபோதுதான் இதன் கனம் புரிந்தது. பாடம் கைப்பேசியின் வழியாக வீட்டுக்குள் வந்தது. வந்த பாடம் எந்த மொழியில் இருக்கிறது, யார் விளக்குவது, எந்தப் பிள்ளைக்கு முதலில் கைப்பேசியைக் கொடுப்பது என்ற கேள்விகளும் கூடவே வந்தன. கர்நாடகத்தில் 6 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 செப்டம்பர் 6-ஆம் தேதிதான் மீண்டும் நேரில் தொடங்கின. 2022 ஜனவரியில் பெங்களூரில் மறுபடியும் சில வாரங்கள் மூடப்பட்டன.

அந்தக் காலம் போய்விட்டது. ஆனால் தொலைவழிப் பாடம் போய்விடவில்லை. வீட்டுப்பாடம் இன்று வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. கனமழை விடுமுறையில் சில பள்ளிகள் இணைய வகுப்பு நடத்துகின்றன. அம்மை போட்டுப் படுத்த பிள்ளைக்கும், ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்ட பிள்ளைக்கும் பாடக்குறிப்பு கைப்பேசியில்தான் அனுப்பப்படுகிறது. ஆகவே இதைக் கையாளும் முறையை நாம் ஒருமுறை ஒழுங்காகக் கற்றுக்கொள்வது நல்லது.

இந்த மூன்று வகுப்புகள் ஏன் முக்கியம்?

தமிழ்நாட்டில் நடுநிலை என்றும், இங்கே 'ஹிரிய ப்ராதமிக' என்றும் சொல்லப்படும் இவ்வகுப்புகளில் பிள்ளைகளுக்கு வயது 11 முதல் 14 வரை. சிறு பிள்ளையைப்போல் மடியில் வைத்துச் சொல்லிக் கொடுக்கவும் முடியாது, பெரிய பிள்ளையைப்போல் தனியே விட்டுவிடவும் முடியாது. எதிர்ம எண், இயற்கணிதம் எல்லாம் இங்கேதான் தொடங்குகின்றன. இங்கே விட்ட இடைவெளி ஒன்பதாம் வகுப்பில் பள்ளமாகிவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று பெண் பிள்ளையையும், கடையில் நின்றால் நாலு காசு வரும் என்று ஆண் பிள்ளையையும் நிறுத்திவிடும் வயதும் இதுதான். பிள்ளை ஒரே நாளில் பள்ளியை விட்டு நின்றுவிடுவதில்லை. முதலில் பாடம் புரியாமல் போகிறது. பிறகு கேட்க வெட்கமாகிறது. பிறகு வகுப்புக்கு வராமல் இருக்கிறது. கடைசியாகத்தான் பெயர் நீங்குகிறது. பாடம் எட்டத்திலிருந்து வரும்போது இந்த முதல் மூன்று படிகளும் ஆசிரியரின் கண்ணுக்குப் படுவதே இல்லை. அவற்றைப் பார்க்கக்கூடியவர்கள் நாம்தான்.

பாடம் 1: கைப்பேசி யாருடையது?

கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய 2021-ஆம் ஆண்டின் 'அசர்' ஆய்வு ஓர் உண்மையைக் காட்டியது. ஸ்மார்ட்போன் உள்ள வீடுகளின் பிள்ளைகள் 2018-இல் 36.5 சதவீதம், 2021-இல் 67.6 சதவீதம். ஆனால் ஸ்மார்ட்போன் இருந்த வீடுகளிலும் சுமார் நான்கில் ஒரு பிள்ளைக்கு அது படிப்புக்குக் கைக்கு வரவே இல்லை. அப்பாவோடு அது வேலைக்குப் போய்விட்டது. கருவி இருப்பது வேறு, கிடைப்பது வேறு.

எனவே வீட்டில் ஒரு நேர அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அப்பா முதல் ஷிப்டு முடிந்து வந்ததும் மாலை 4 முதல் 5 வரை அக்காளுக்கு, 5 முதல் 6 வரை தம்பிக்கு என்பதுபோல் இருக்கட்டும். நேரலை வகுப்புக்குக் கைப்பேசி கிடைக்காதென்றால் அதை ஆசிரியரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். குரல் பதிவாகவோ, பக்க எண்ணாகவோ பாடத்தை அனுப்பக் கேளுங்கள். காணொலியைவிடக் குரல் பதிவுக்கு டேட்டா மிகக் குறைவாகவே செலவாகும்.

இவ்வாறு கேட்பதில் கூச்சம் வேண்டாம். 2020 ஆகஸ்டில் கர்நாடக அரசு தொடங்கிய 'வித்யாகம' திட்டமே பிள்ளைகளை மூன்று பிரிவாகத்தான் பார்த்தது: இணையத்தோடு கருவி உள்ளவர்கள், சாதாரணக் கைப்பேசி மட்டும் உள்ளவர்கள், எதுவுமே இல்லாதவர்கள். ஆசிரியர்கள் பிள்ளைகள் வசிக்கும் இடத்துக்கே சென்று, கோயில் திண்ணையிலும் மரத்தடியிலும் சிறு குழுக்களாகப் பாடம் நடத்தினார்கள். நோய் பரவும் அச்சத்தால் அது அவ்வாண்டு அக்டோபரில் நிறுத்தப்பட்டது. ஆனாலும் கருவி இல்லாத பிள்ளையும் பள்ளியின் பிள்ளையே என்று அத்திட்டம் ஒப்புக்கொண்டது.

பாடம் 2: ஒரே பாடம், நமக்குத் தெரிந்த மொழியில்

பலர் அறியாத செய்தி ஒன்று. கர்நாடகப் பாடநூல் சங்கம் கன்னடம், ஆங்கிலம் மட்டுமன்றித் தமிழ் வழிப் பாடநூல்களையும் வெளியிடுகிறது. பிள்ளை கர்நாடக மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தால், அதே வகுப்பின் தமிழ் வழிக் கணித நூலையோ சமூக அறிவியல் நூலையோ வாங்கியோ இணையத்தில் இறக்கியோ வைத்துக்கொள்ளலாம். பிள்ளை கன்னடத்தில் படிப்பதைப் பெற்றோர் தமிழில் படித்து, "இதில் என்ன சொல்லியிருக்கிறது, சொல்லு பார்ப்போம்" என்று கேட்கலாம்.

மத்திய அரசு 2017 செப்டம்பர் 5-இல் தொடங்கிய 'தீக்ஷா' தளமும் பயன்படும். இரு மாநிலப் பாடநூல்களிலும் பாடங்களின் பக்கத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டமாகக் கியூஆர் குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். தீக்ஷா செயலியால் அதைப் படம் பிடித்தால் அப்பாடத்துக்குரிய காணொலியோ பயிற்சியோ திறக்கும். தமிழில் விளக்கம் வேண்டுவோர் தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சியைப் பார்க்கலாம். அது 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. பாட வரிசை மாறினாலும், பின்னத்தைக் கூட்டும் முறை இரு மாநிலங்களிலும் ஒன்றுதான்!

பாடம் 3: கன்னடத்துக்குப் பயப்படாதீர்கள்

2015-ஆம் ஆண்டின் கன்னட மொழி கற்றல் சட்டப்படி கர்நாடகப் பள்ளிகளில் கன்னடம் முதல் அல்லது இரண்டாம் மொழியாகக் கற்பிக்கப்பட வேண்டும். பள்ளியிலிருந்து வரும் அறிவிப்புகளும் பெரும்பாலும் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோதான் வரும். தமிழருக்கு இது கடினமான மொழியே அல்ல.

எழுத்து வரிசை நம் வரிசைதான். அ, ஆ, இ, ஈ என்று உயிரெழுத்து அப்படியே தொடங்கும். நாம் 'க' என்ற ஓரெழுத்தை எழுதும் இடத்தில் அவர்கள் நான்கு எழுத்து வைத்திருக்கிறார்கள். அவ்வளவே வேறுபாடு.

சொற்களிலும் ஓர் ஒழுங்கு உண்டு. நம் சொல்லின் முதலில் வரும் 'ப' பல இடங்களில் அங்கே 'ஹ' ஆகிறது: பால் – ஹாலு, பல் – ஹல்லு, பத்து – ஹத்து, பூ – ஹூவு. நம் 'வ' பல இடங்களில் 'பஸ்' என்பதில் ஒலிக்கும் 'ப' ஆகிறது: வேர் – பேரு, வாழை – பாளெ, விரல் – பெரளு. இந்த இரண்டு விதிகளையும் பிள்ளையோடு சேர்ந்து ஒரு விளையாட்டாகவே ஆடலாம்.

வாட்ஸ்அப் குழுவிலும் வினாத்தாளிலும் அடிக்கடி வரும் சொற்கள் சில:

தரகதி – வகுப்பு
பாட – பாடம்
ப்ரஷ்னெ – கேள்வி
உத்தர – விடை
இந்து – இன்று
நாளெ – நாளை
ரஜெ – விடுமுறை
ஹாஜரி – வருகைப் பதிவு
பரீக்ஷெ – தேர்வு
அங்க – மதிப்பெண்
போஷகர ஸபெ – பெற்றோர் கூட்டம்
பிட்ட ஸ்தள தும்பிரி – கோடிட்ட இடத்தை நிரப்புக
ஹொந்திஸி பரெயிரி – பொருத்துக
ஒந்து வாக்யதல்லி உத்தரிஸி – ஒரு வாக்கியத்தில் விடை தருக

இவற்றைப் பிள்ளையின் கையாலேயே கன்னட எழுத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். இங்கே பிள்ளை ஆசிரியர், நாம் மாணவர். படிப்பில் தயங்கும் பிள்ளைக்குக்கூட இந்த மாற்றம் ஒரு நிமிர்வைத் தரும்.

பாடம் 4: விடையை அல்ல, வழியைக் கேளுங்கள்

வீட்டுப்பாடத்தைக் குழுவில் யாரோ ஒருவர் முடித்து அனுப்ப, மற்ற பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதி அனுப்பிவிடுவது எல்லோரும் அறிந்த இரகசியம். நோட்டுப் புத்தகம் நிறைந்திருக்கும், தலை காலியாக இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க நமக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மூன்று கேள்விகள் போதும். இன்று என்ன படித்தாய்? இதை எப்படிச் செய்தாய், எனக்குச் செய்து காட்டு. எந்த இடத்தில் புரியவில்லை? தமிழில் விளக்கச் சொல்லுங்கள். தெரிந்த பிள்ளை தட்டுத் தடுமாறியாவது சொல்லிவிடும். பார்த்து எழுதிய பிள்ளை மௌனமாகிவிடும். அப்போது கோபிக்காதீர்கள். கோபித்தால் மூன்றாவது கேள்விக்கு இனிமேல் உண்மையான பதில் வராது. புரியாத இடத்தைக் குறித்து வைத்து, மறுநாள் ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். பிள்ளை கூச்சப்பட்டால் நீங்களே ஒரு குரல் பதிவு அனுப்புங்கள். கன்னடமும் தமிழும் கலந்து பேசினாலும் இப்பகுதி ஆசிரியர்களில் பலருக்குப் புரியும்.

பாடம் 5: தெருவே வகுப்பறை

தமிழ்நாட்டில் 2021 அக்டோபர் 27-ஆம் தேதி 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. 1 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு, அவர்கள் வசிக்கும் இடத்திலேயே, மாலையில் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் தன்னார்வலர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். அரசுத் திட்டமாக வந்தது எல்லைக்கு அந்தப் பக்கம். அதன் கருத்துக்கு எல்லை கிடையாது.

ஒரே வரிசை வீடுகளில் ஐந்தாறு தமிழ்க் குடும்பங்கள் இருந்தால், பன்னிரண்டாம் வகுப்போ ஐ.டி.ஐ.யோ படிக்கும் ஓர் அண்ணன் அல்லது அக்காள் இல்லாமல் இருக்கமாட்டார். மாலையில் ஒரு மணி நேரம், மாடியிலோ திண்ணையிலோ ஒரு பாய், ஒரு விளக்கு. கைப்பேசி இல்லாத பிள்ளை இருக்கும் பிள்ளையோடு சேர்ந்து பார்க்கலாம். கன்னடக் குடும்பத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைக்குக் கன்னடம் வரும், அவர்களுக்கு ஒரு நண்பன் கிடைப்பான்.

பாடம் 6: ஊருக்குப் போகும்போது

வேலை போய் அல்லது உடம்பு முடியாமல் குடும்பம் திடீரென்று ஊர் திரும்ப நேர்ந்தால், பிள்ளையின் படிப்பு எல்லைக் கோட்டில் அறுந்துவிடக் கூடாது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, மாநிலம் விட்டு மாநிலம் போனாலும் அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறும் உரிமையைப் பிள்ளைக்குத் தருகிறது. தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டும். சான்றிதழ் வரத் தாமதமானது என்பதற்காகப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது. இச்சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது. நமது நடுநிலை வகுப்புகள் இதற்குள் அடங்கும்.

பிள்ளையின் கர்நாடக 'எஸ்.ஏ.டி.எஸ்.' எண்ணை (தமிழ்நாட்டில் இதற்கு 'எமிஸ்' எண்) ஒரு டைரியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சில வாரங்களில் திரும்புவதாக இருந்தால் பெயரை நீக்காமல், அத்தனை நாளுக்கும் பாடத்தைக் கைப்பேசியில் அனுப்பக் கேளுங்கள். போகும் பையில் முதலில் வைக்க வேண்டியது பாடப் புத்தகம்.

14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு அமர்த்துவது சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் கொள்க. அப்படி ஒரு பிள்ளை துன்பப்படுவதைக் கண்டால் 1098 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் தெரிவிக்கலாம்.

தமிழ் எழுத்தையும் விட்டுவிடாதீர்கள்

கைப்பேசியால் வரும் கல்வியில் நமக்கென்று ஒரு நன்மையும் உண்டு. வெளிமாநிலங்களிலும் வெளிநாடுகளிலும் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்காகத் தமிழ்நாடு அரசு 2001-இல் தொடங்கிவைத்த தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் இயங்குகிறது. எழுத்து அறிமுகத்திலிருந்து படிப்படியாக அதில் பாடங்கள் உள்ளன. வாரத்துக்கு இரண்டு நாள், அரை மணி நேரம் போதும். ஊரிலிருக்கும் தாத்தா பாட்டிக்குத் தன் கையால் கடிதம் எழுதத் தெரிந்த பிள்ளையாக நம் பிள்ளை வளரட்டும்.

இவ்வாரப் பயிற்சி

1. கைப்பேசி நேர அட்டவணை ஒன்றைப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டே எழுதுங்கள்.
2. மேலே கொடுத்த கன்னடச் சொற்களில் நாளொன்றுக்கு இரண்டு கற்றுக்கொள்ளுங்கள்.
3. தினமும் பத்து நிமிடம், மூன்று கேள்விகள்.
4. அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அரை நாள் சம்பளம் போனாலும் போய்வாருங்கள். வகுப்பாசிரியரின் பெயரைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

"எனக்கே படிப்பு வராது, நான் என்ன சொல்லிக் கொடுப்பேன்" என்று தாய்மார்கள் சொல்வதுண்டு. சொல்லிக் கொடுப்பது ஆசிரியரின் வேலை. பக்கத்தில் உட்காருவது நம் வேலை. அதற்குப் பட்டம் தேவையில்லை, ஒரு பத்து நிமிடம் தேவை. அந்தப் பத்து நிமிடத்தை இன்று மாலையே தொடங்குவோமாக!