திறந்த பாட்டிலை எங்கே வைப்பது?

சாஸ், மயோனைஸ், ஊறுகாய், இஞ்சி பூண்டு விழுது ஆகியவை இன்று நம் வீடுகளில் அன்றாடம் புழங்கும் பொருட்கள். மூடியைத் திறந்த பிறகு இவற்றை அலமாரியில் வைப்பதா, ஃப்ரிட்ஜில் வைப்பதா? "கடையில் வெளியேதானே இருந்தது" என்று எல்லாவற்றையும் வெளியே வைப்பவர்கள் உண்டு. தேனைக்கூட ஃப்ரிட்ஜில் வைப்பவர்களும் உண்டு. இரண்டுமே சரியல்ல.

மூடி திறக்காதவரை பாட்டிலுக்குள் புதிதாகக் கிருமி நுழைய வழியில்லை. திறந்த பின் காற்று, ஈரக் கரண்டி, கை ஆகியவற்றின் வழியாக நுழைகிறது. நுழைந்த கிருமி பெருகாமல் தடுப்பவை அந்தப் பொருளில் உள்ள புளிப்பு, உப்பு, சர்க்கரை. இவை குறைவாக இருந்தால் குளிர்தான் பாதுகாப்பு. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிகள் பெருக ஏற்ற வெப்பம். நம்முடைய சமையலறை எப்போதும் அந்த அளவில்தான் இருக்கிறது.

வெளியே வைக்கலாம்: தேன், வினிகர், உப்பும் எண்ணெயும் தாராளமாகச் சேர்த்த ஊறுகாய். ஊறுகாயில் எண்ணெய் மேலே நிற்க வேண்டும். காய்ந்த கரண்டியால் மட்டும் எடுக்க வேண்டும். உப்பு குறைத்துப் போட்ட ஊறுகாயை ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

ஃப்ரிட்ஜில் வைப்பது நல்லது: தக்காளி சாஸ், சோயா சாஸ், ஜாம். புளிப்போ உப்போ சர்க்கரையோ இருப்பதால் இவை உடனே கெடுவதில்லை. ஆனால் வெளியே நாள்பட இருந்தால் நிறமும் ருசியும் மாறும். ஜாமில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை கண்ட ஜாமை மேலாகச் சுரண்டிவிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

கட்டாயம் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும்: திறந்த மயோனைஸ். இஃப்தாருக்குக் கிண்ணத்தில் எடுத்து வைத்தது மிஞ்சினால், அதை ஸஹர் வரை வெளியே விட்டுவைத்துச் சாப்பிடக் கூடாது. இரண்டு மணி நேரமே எல்லை. பச்சை முட்டையில் செய்த மயோனைஸில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். அதனால்தான் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதைத் தடை செய்தது.

பலர் கவனிக்காதது இஞ்சி பூண்டு விழுது. வீட்டில் அரைத்து, மேலே எண்ணெய் ஊற்றிவிட்டால் வெளியே இருக்கலாம் என்று நினைக்கிறோம். பூண்டு மண்ணில் விளைவது. மண்ணில் உள்ள ஒருவகைக் கிருமியின் வித்துகள் அதில் ஒட்டியிருக்கலாம். காற்றில்லாத இடத்தில்தான் அந்தக் கிருமி வளரும். எண்ணெய் காற்றை அடைத்து அதற்கு வசதி செய்து கொடுக்கிறது. அதன் நஞ்சு நரம்புகளைத் தாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். வாசனையிலோ ருசியிலோ அது தெரியாமலும் போகலாம். ஆகவே அரைத்த விழுதை உடனே ஃப்ரிட்ஜில் வைத்து, ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். மொத்தமாக அரைப்பவர்கள் சிறு சிறு பங்காக ஃப்ரீசரில் வைக்கலாம்.

கெட்டுப்போன உணவால் பெரிதும் பாதிக்கப்படுவோர் சிறு பிள்ளைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள். ஒருமுறை மருத்துவமனைக்குப் போய்வரும் செலவு, ஒரு பாட்டில் மயோனைஸின் விலையைவிடப் பல மடங்கு. மலிவாகக் கிடைக்கிறதென்று பெரிய பாட்டில் வாங்கிப் பாதியைக் கொட்டுவதும் வீண்விரயமே. ஃப்ரிட்ஜ் இல்லாத வீடுகளில் ஒரு வேளைக்கான சிறு பாக்கெட் வாங்கினால் போதும். இஞ்சி பூண்டை அன்றன்று தட்டிக்கொள்ளலாம். மின்சாரம் நின்றால் ஃப்ரிட்ஜைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் சுமார் நான்கு மணி நேரம் குளிர் தாங்கும்.

லேபிளில் உள்ள காலாவதி தேதி, திறக்காத பாட்டிலுக்கு உரியது. திறந்த பின் எப்படி வைக்க வேண்டும், எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்பது அதன் அருகிலேயே சிறிய எழுத்தில் இருக்கும். இன்று சமையலறைக்குப் போனதும் திறந்த பாட்டில்களை எடுத்து அந்த வரியைப் படியுங்கள். இனி புதிதாகத் திறக்கும் ஒவ்வொன்றிலும் திறந்த தேதியைப் பேனாவால் எழுதி வையுங்கள்.